வன்னியில் வானலைகளைப் பார்ப்பதும் பதிவதும்: எஸ்டிஆர் செய்முறை விளக்கம்

வானொலிப் பெட்டி ஒரு நேரத்தில் ஒரு நிலையத்தைத்தான் காதுக்குத் தரும். எஸ்டிஆர் எனப்படும் மென்பொருள் வானொலியோ, நம்மைச் சுற்றியுள்ள அலைகளில் ஒரு பெரிய துண்டைக் கணினித் திரையில் விரித்துக் காட்டிவிடும். எது நிலையம், எது விட்டுவிட்டு வரும் அலை, எது வீட்டு எல்இடி விளக்கின் இரைச்சல் என்பதெல்லாம் கண்ணுக்கே தெரியும். இணையத்தில் விளக்கங்கள் ஏராளம். ஆனால் கிளிநொச்சி, மாங்குளம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவை ஓர் இடத்தில் கைகொடுப்பதில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கருவி. கணினியின் யூஎஸ்பியில் செருகும் சிறு கருவியான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிள் போதும். டிஜிட்டல் தொலைக்காட்சிக்காக ரியல்டெக் செய்த ஆர்டிஎல்2832யூ சில்லுதான் அதன் உள்ளே இருக்கிறது. ஏறத்தாழ 24 முதல் 1,766 மெகாஹேர்ட்ஸ் வரை எட்டும். ஒரே பார்வையில் 2.4 மெகாஹேர்ட்ஸ் அகலத்தைத் தடுமாறாமல் காட்டும். பிளாஸ்டிக் கூட்டில் வருவதை வாங்காதீர்கள். உலோகக் கூடு இரைச்சலைத் தடுக்கும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் விதிகளை முன்கூட்டியே கேட்டறியுங்கள். பொலிஸ், இராணுவத் தொடர்புகளின் பக்கம் போகவே வேண்டாம்.

மென்பொருளில் என் தெரிவு எஸ்டிஆர் பிளஸ் பிளஸ். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரி இயங்கும். விண்டோஸ்காரர்கள் அதற்கு முன் சாடிக் என்ற சிறு செயலியைத் திறந்து, எல்லாச் சாதனங்களையும் பட்டியலிடச் சொல்லி, ‘பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0’ என்பதைத் தெரிவுசெய்து வின்யூஎஸ்பி டிரைவரை நிறுவ வேண்டும். பெயரை இருமுறை பாருங்கள். தவறி மவுஸைத் தெரிவுசெய்துவிட்டால் மவுஸ் வேலை செய்யாது.

இனி எஸ்டிஆர் பிளஸ் பிளஸின் ‘சோர்ஸ்’ (மூலம்) பகுதியில் ஆர்டிஎல்-எஸ்டிஆர், வேகம் 2.4 மெகாஹேர்ட்ஸ் என்று வைத்து ஓடவிடுங்கள். மேலே அலைகளின் வலிமை கோடாக நடுங்கும். கீழே அதே அலைகள் நேரப்படி வண்ணத் தடங்களாக இறங்கும். 88 முதல் 108 வரையுள்ள பண்பலையில் தொடங்குங்கள். நிலையங்கள் தடித்த தடங்களாகத் தெரியும்.

நம் ஊர்ச் சிக்கல் இங்கேதான் வருகிறது. ஏ9 வீதியோரம் கொக்காவிலில் 174 மீற்றர் உயர ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. 2011இல் திறக்கப்பட்டது. அதன் அயலில் பண்பலை மிக வலுவாக வரும். பெரும்பாலான விளக்கங்களோ கெயினை, அதாவது அலையைப் பெருக்கும் அளவை, உச்சத்துக்கு ஏற்றச் சொல்கின்றன. டொங்கிள் 8 பிட் கருவி; அலையின் உயரத்தை 256 படிகளில்தான் அளக்கும். கெயின் கூடினால் உள்ளே இருக்கும் பெருக்கியும் திணறும். கோபுரத்தின் அலையே எல்லாப் படிகளையும் நிரப்பிவிடும். அப்போது திரையின் அடிமட்டம் (நிலையம் இல்லாத இடத்தில் தெரியும் இரைச்சல் மட்டம்) முழுவதும் திடீரென மேலெழும். பண்பலையே இருக்கக்கூடாத 120 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் பாட்டுக் கேட்கும். அவை போலி அலைகள்.

அடையாளம் காண ஒரு வழி உண்டு. கெயினை ஒரு படி குறையுங்கள். உண்மையான அலை அதே அளவுதான் இறங்கும். போலியோ அதைவிட வேகமாக விழும், இன்னும் இரண்டு படியில் மறைந்தே போகும். தானியங்கிக் கெயினை நிறுத்திவிட்டு, பூச்சியத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். அலை அடிமட்டத்துக்கு மேலே உயர்ந்துகொண்டிருக்கும்வரை ஏற்றலாம். அடிமட்டமும் சேர்ந்து ஏறத் தொடங்கியதும் ஒரு படி இறக்கி நிறுத்துங்கள். கோபுரத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு 88–108ஐ வெட்டும் வடிகட்டி ஒன்று அவசியம். பண்பலையைப் பார்க்கும்போது மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள்.

சீரான இடைவெளியில் நேர்கோடுகள் தெரிந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சோலார் இன்வேட்டரும் இதே குறும்பைச் செய்யும். மின்வெட்டு நேரத்தில் பற்றரியில் ஓடும் மடிக்கணினியில்தான் படம் மிகத் தெளிவாக வருகிறது. நீள யூஎஸ்பி வயர் போட்டு டொங்கிளை யன்னலுக்கு வெளியே கொண்டுபோவதும் உதவும்.

பதிவுக்கு வருவோம். ரெக்கோடர் பகுதியில் ‘ஓடியோ’, ‘பேஸ்பாண்ட்’ என இரண்டு தெரிவுகள் உள்ளன. ‘பேஸ்பாண்ட்’டையே தெரிவுசெய்யுங்கள். ஓடியோ பதிந்தால் ஒரு நிலையத்தின் குரல் மட்டுமே மிஞ்சும். பேஸ்பாண்ட் அந்த 2.4 மெகாஹேர்ட்ஸ் துண்டு முழுவதையும் வைத்திருக்கும். அடுத்த வாரம் திறந்து, அன்று கவனிக்காத நிலையத்துக்குக்கூட மாறிக் கேட்கலாம். 137.9 மெகாஹேர்ட்ஸில் கடந்துபோகும் ரஷ்யாவின் மீற்றியோர் வானிலைச் செய்மதியைப் பிடிக்க நினைப்பவர்களுக்கு இது பெரும் வசதி. செய்மதி சில நிமிடங்களே தலைக்கு மேலிருக்கும். பதிந்துவிட்டால் படத்தை ஆறுதலாகப் பிரித்தெடுக்கலாம்.

இடம்தான் விலை. பேஸ்பாண்டை 16 பிட்டில் பதிந்தால் நொடிக்கு 9.6 மெகாபைட், அதாவது நிமிடத்துக்கு 576 மெகாபைட். 8 பிட்டுக்கு மாற்றினால் பாதியாகும். டொங்கிளே 8 பிட் என்பதால் தரத்தில் இழப்பில்லை.

பின்னர் சேர்த்தது: புதுக்குடியிருப்பிலிருந்து எழுதிய ஒரு வாசகருக்கு ஏழு நிமிடத்துக்குப் பிறகு பதிவு கெட்டுவிடுகிறதாம். அவர் பதிவது பென்டிரைவில். ஃபேட்32 என்ற சேமிப்பு முறையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாது. பெரிய கோப்புகளை ஏற்கும் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினாலும், பதிவு சேமிக்கப்படும் வேவ் கோப்புக்கு அதே எல்லை உண்டு. ஆகவே பதிவைத் துண்டுதுண்டாக எடுங்கள்.

இன்னொன்று: கோப்பின் பெயரை மாற்றாதீர்கள். பெயருக்குள் இருக்கும் ஹேர்ட்ஸ் எண்ணைப் படித்துத்தான் மென்பொருள் அலைவரிசையைச் சரியாகக் காட்டுகிறது.