மான் வேட்டைக்கான பரண்: எதை வாங்குவது, எதைக் கட்டுவது

அமெரிக்காவில் வெண்வால் மானை வேட்டையாடுபவர்கள் பெரும்பாலும் மான் நடமாடும் தடத்துக்கு அருகில் பரண் அமைத்து, அதில் அசையாமல் அமர்ந்து காத்திருக்கிறார்கள். மரத்தின் மேல் 15 முதல் 20 அடி உயரத்தில் இருப்பவரின் அசைவு மானின் கண்ணில் எளிதில் படுவதில்லை. சுடும் குண்டு கீழ்நோக்கிச் சென்று மண்ணில் புதைவதால் தொலைவில் இருக்கும் பிறருக்கும் ஆபத்து குறைகிறது. உரிமம் பெற்று இந்த வேட்டையில் முதன்முறையாக இறங்கும் அமெரிக்கத் தமிழர்களுக்காக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மான் வேட்டை குற்றம் என்பதால், இதில் சொல்லப்படும் எதுவும் அங்கே பொருந்தாது.

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: மரத்தில் மாட்டும் பரணை விலைகொடுத்து வாங்குங்கள்; சொந்தக் கையால் கட்ட விரும்பினால், தரையில் தன் கால்களால் நிற்கும் பரணை மட்டும் கட்டுங்கள். உயிருள்ள மரம் காற்றில் ஆடுகிறது, ஆண்டுதோறும் பருக்கிறது. அதில் பலகையை ஆணியடித்து இறுக்கினால், அந்த அசைவும் வளர்ச்சியும் சேர்ந்து ஆணியை மெல்ல மெல்லப் பிடுங்கிவிடும். பலகை மழையில் நனைந்து உள்ளே உளுத்துப்போனாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. மரத்தினுள் மறைந்த ஆணி, பின்னாளில் அதை அறுப்பவரின் சங்கிலி ரம்பத்துக்கும் உயிருக்கும் கேடு. பரண் உற்பத்தியாளர்களின் சங்கமான டிஎம்ஏ, வீட்டில் செய்த பரண்களையும் நிரந்தர மரப்பரண்களையும் பயன்படுத்தவே வேண்டாம் என்கிறது. பொது நிலங்கள் பலவற்றில் மரத்தில் ஆணியோ, திருகி ஏற்றும் படியோ இறக்குவதற்குச் சட்டத்தடையும் உண்டு. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், அந்தந்த மாநில வேட்டைத் துறையின் நடப்பாண்டுக் கையேட்டைப் படித்த பிறகே இடம் தேடுங்கள்.

வாங்கும் பரண்களில் முக்கியமானவை மூன்று. ஏணியும் இருக்கையும் ஒன்றாக இணைந்த ஏணிப்பரண், தொடக்கநிலையில் இருப்பவருக்கும் உயரத்தை அஞ்சுபவருக்கும் ஏற்றது. கனமானது என்பதால் அதை நிமிர்த்தி நிறுத்த மூன்று பேராவது வேண்டும். வார்ப்பட்டையால் மரத்தோடு இறுக்கும் தொங்குபரண் இலகுவானது, கோணலான மரத்திலும் பொருந்தும். ஆனால் அதற்கான படிகளைத் தனியாகப் பொருத்த வேண்டும், படியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும் நொடி மிகவும் ஆபத்தானது. மூன்றாவது, இரண்டு பகுதிகளை மாற்றி மாற்றி உயர்த்தி மரத்தின் மேல் நகர்த்திச் செல்லும் ஏறுபரண். கிளையற்ற, நேரான மரத்தில்தான் இது பயன்படும். மேலே போகப்போக மரம் சிறுத்துக்கொண்டே வருவதால் தளம் முன்பக்கம் சாயும். ஆகவே தரையில் பொருத்தும்போதே முன்விளிம்பைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். இரு பகுதிகளையும் கயிற்றால் பிணைக்காமல் ஏறாதீர்கள்: கால் நழுவிக் கீழ்ப்பகுதி விழுந்துவிட்டால், நீங்கள் இறங்க வழியின்றி மேலே மாட்டிக்கொள்வீர்கள். எதை வாங்கினாலும் அதன் எடைத்தாங்கு அளவைப் பாருங்கள். பெரும்பாலானவை 300 பவுண்டு வரை தாங்கும். அந்தக் கணக்கில் உங்கள் குளிராடை, பை, துப்பாக்கி எல்லாம் அடங்கும்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. உயிருள்ள, நேரான, உறுதியான மரமே வேண்டும். ஆஷ் மரங்களை நான் முற்றிலும் தவிர்த்துவிடுவேன். 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகத ஆஷ் துளைப்பான் வண்டு அவற்றைப் பெருமளவில் கொன்றுவிட்டது, பட்டுப்போன ஆஷ் மரம் எச்சரிக்கையின்றி முறியக்கூடியது. பட்டை உரிந்து தொங்கும் ஷாக்பார்க் ஹிக்கரியில் ஏறுபரண் வழுக்கும், சத்தமும் எழும். உங்கள் முதுகுக்குப் பின்னால் கிளைகளும் இலைகளும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் கரிய நிழலாகத் தெரியும். நவம்பரில் பெரும்பாலான மரங்கள் மொட்டையாகிவிடும் நிலையிலும், பீச் மரங்களும் இளம் ஓக் மரங்களும் காய்ந்த இலைகளைத் தாங்கி நிற்பதுண்டு. அவை அருகில் இருந்தால் நல்ல மறைவு கிடைக்கும்.

பரண் நிற்கும் திசைதான் அதன் உயரத்தைவிடப் பெரிது. மானின் மோப்பத்தை உயரம் முழுமையாக ஏமாற்றாது. காற்று மான்தடத்திலிருந்து உங்களை நோக்கி வீச வேண்டும். மலைச்சரிவுகளில், வெயில் ஏறும் காலையில் காற்று மேல்நோக்கியும் குளிரும் மாலையில் பள்ளத்தை நோக்கியும் நகர்வதால், காலைக்கு ஒரு மரமும் மாலைக்கு வேறொரு மரமும் தேவைப்படலாம். வெள்ளை ஓக்கின் கொட்டைகளில் துவர்ப்பு குறைவு என்பதால் மான்கள் அவற்றைச் சிவப்பு ஓக்கின் கொட்டைகளைவிட விரும்பி உண்ணும். அத்தகைய மரத்துக்குச் செல்லும் தடத்திலிருந்து 15 முதல் 20 கெஜம் விலகிப் பரணை வைப்பது வில் வேட்டைக்குப் பொருத்தம். தடத்துக்கு நேர் மேலே வைக்காதீர்கள். 20 அடி உயரத்திலிருந்து 20 கெஜத்தில் நிற்கும் மானை நோக்கினால் சாய்கோணம் ஏறத்தாழ 18 பாகை. 30 அடி உயரத்திலிருந்து 10 கெஜத்தில் நோக்கினால் 45 பாகை. கோணம் செங்குத்தாகும்போது அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துச் செல்ல நேரிடும், காயம்பட்ட மான் நெடுந்தொலைவு ஓடி வீணே துன்புற்றுச் சாகும். உயரமே சிறப்பு என்ற எண்ணத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

தரையில் நிற்கும் பரண் கட்டுவோர், நான்குக்கு நான்கு அங்குல மரக்கால்கள் நான்கைக் கொண்டு, நான்குக்கு ஆறு அடித் தளத்தை எட்டு அல்லது பத்து அடி உயரத்தில் அமைத்தால் போதும். கடையில் நான்குக்கு நான்கு என விற்கும் மரம் உண்மையில் மூன்றரை அங்குலமே இருக்கும் என்பதை அளவெடுக்கும்போது நினைவில் கொள்ளுங்கள். கால்கள் கீழே அகன்று, மேலே நெருங்கி நிற்க வேண்டும்; நான்கு பக்கமும் குறுக்குச் சட்டங்களைப் பெருக்கல் குறிபோல் பூட்ட வேண்டும்; கால்களைத் தரையில் ஆழ இறக்கிய நங்கூரக் கம்பிகளோடு பிணைக்க வேண்டும். எடையைச் சுமக்கும் இணைப்புகளில் ஆணியை நம்பாமல், மரத்தை ஊடுருவிச் செல்லும் அரை அங்குலப் போல்ட்டுகளைப் பூட்டுங்கள். செம்பு கலந்த மருந்தேற்றிய மரங்கள் சாதாரண இரும்பை அரித்துவிடும், ஆகவே துத்தநாகக் குழம்பில் முக்கியெடுத்த போல்ட்டுகளே வேண்டும். ஏணியின் கைப்பிடி தளத்துக்கு மேல் மூன்று அடியாவது நீண்டிருக்கட்டும்.

விழுவோரில் பலர் ஏறும்போதோ இறங்கும்போதோதான் விழுகிறார்கள். அதனால் மரப்பரணில் முழு உடல் ஹார்னஸ் (உடலைச் சுற்றிப் பூட்டும் பாதுகாப்புக் கச்சை) அணிவது மட்டும் போதாது. மரத்தின் உச்சிப் பிடிப்பிலிருந்து தரைவரை தொங்கும் பாதுகாப்புக் கயிற்றில், எடை விழுந்ததும் கயிற்றை இறுகப் பற்றும் ப்ரூசிக் முடிச்சின் வழியாக, கால் தரையை விட்டு எழும் கணத்திலிருந்து மீண்டும் தரையைத் தொடும்வரை இணைந்தே இருக்க வேண்டும். விழுந்து ஹார்னஸில் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். கால் ஊன்றி எழ உதவும் தளர்வுப்பட்டையை எட்டும் இடத்தில் வைத்திருங்கள். ஒருமுறை விழுகையைத் தாங்கிய ஹார்னஸையும், காலாவதித் தேதி கடந்ததையும் அப்புறப்படுத்துங்கள். குண்டு நீக்கிய துப்பாக்கியைத் தனிக்கயிற்றால், குழல் கீழ்நோக்கியிருக்க மேலே இழுத்துக்கொள்ளுங்கள். அதைக் கையில் ஏந்தி ஏறக் கூடாது.

பருவம் முடிந்ததும் பரணைக் கழற்றிக் கொண்டுவாருங்கள். சொந்த நிலத்தில் விட்டுவைப்பதானால் வார்ப்பட்டைகளைத் தளர்த்துங்கள், ஏனெனில் மரம் பருத்து அவற்றை அறுத்துவிடும். வெயில் நூலை நைந்துபோகச் செய்யும், அணில்கள் கடித்தும் வைக்கும். அடுத்த ஆண்டு ஏறுவதற்கு முன் ஒவ்வொரு பட்டையையும் விரலால் தடவிப் பார்த்து, ஐயம் எழுந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.