நண்டுக் கூடு காலியாக வருகிறதா? தூக்கியதும் அலசாதீர்கள்

வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை கழிமுகத்தில் சேற்று நண்டுக்காக ஐந்து மடக்குக் கூடு (சட்டத்தில் வலை கட்டி, இரண்டு பக்கமும் வாய் வைத்த பொறி) போட்டேன். மூன்று நாள் விடியலில் போய்த் தூக்கியும் ஒரு நண்டு இல்லை. இரையைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள் கூடவே வந்த சித்தப்பா, நான் கூட்டைத் தண்ணீரில் அலசப் போவதைப் பார்த்துவிட்டு, "அலசாதடா, மொதல்ல பாரு, ராத்திரி என்ன நடந்துச்சுன்னு அதுலயே இருக்கு" என்றார். அன்றிலிருந்து இப்படித்தான் பார்க்கிறேன்.

1. முதலில் இரையைப் பாருங்கள்

இரை கட்டியபடி அப்படியே இருந்தால் நண்டு கிட்டவே வரவில்லை என்று அர்த்தம். நண்டு வாசனையைப் பிடித்துத்தான் வரும், வாசனை நீரோட்டத்தோடுதான் போகும், அதனால் நீர் ஓடாத குட்டை மாதிரியான இடத்தில் கூடு கிடந்தால் எத்தனை நல்ல இரை வைத்தும் வீண். ஓட்டம் உள்ள ஓடைக்கு மாற்றுங்கள். கூட்டின் இரண்டு வாயும் ஓட்டத்தின் போக்கிலேயே இருக்கட்டும், குறுக்கே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்னீர் புரண்டு வந்தால் கடல் பக்கமாகத் தள்ளிப் போட்டுப் பாருங்கள்.

இரை காலி, நண்டும் இல்லை என்றால் குற்றம் நம் பக்கம். நான் இரையை ஓரத்து வலையில் கட்டியிருந்தேன், நண்டு வெளியே நின்றே கிள்ளித் தின்றுவிட்டுப் போயிருக்கிறது! நட்ட நடுவில், எந்தப் பக்கத்திலிருந்தும் கொடுக்கு எட்டாதபடி கட்டுங்கள். கெளுத்தித் தலை, திருக்கைத் துண்டு நன்றாகத் தாங்கும். கோழிக் குடல் சீக்கிரம் கரைந்துவிடும், எனக்குப் பிடிக்காது. சின்ன மீன்கள் அரித்தால் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கட்டுங்கள்.

2. அப்புறம் வாய்

புதிதாக வருபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். சரிவாக உள்ளே போகிற வலையின் இரண்டு உதடும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். வெளியிலிருந்து கையை விட்டால் சுலபமாக வழி விட வேண்டும், கையை எடுத்ததும் மூடிக்கொள்ள வேண்டும். நாள்பட்ட கூட்டில் வலை தொய்ந்து வாய் பிளந்து நிற்கும், தின்ற நண்டு வந்த வழியே நடந்து போய்விடும். உதட்டின் இரண்டு முனையையும் நைலான் நூலால் சட்டத்துக்கு இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும். வலையில் ஓட்டை இருந்தால் கையோடு முடிந்துவிடுங்கள். பெரிய நண்டு அதைக் கொடுக்கால் இன்னும் கிழித்துவிடும்.

3. கூடு கிடந்த விதம்

புரண்டு கிடந்தால் எடை போதாது, அடியில் கல் கட்டுங்கள். வாய் தரையை விட்டுத் தூக்கி நின்றால் நண்டு ஏறி வராது, காலால் சேற்றை அமுக்கிச் சமமாக்கிவிட்டு வையுங்கள். கயிற்றைச் சீமைக்கருவேல் முளையில் கட்டுவதென்றால் நீர் ஏற்றத்தில் ஒரு தடவையும் வற்றத்தில் ஒரு தடவையும் பார்த்துவிட்டு நீளத்தை முடிவு செய்யுங்கள். வற்றத்தில் கூடு வெயிலில் கிடந்தால் உள்ளே விழுந்த நண்டும் செத்துப்போகும்.

ஒன்று கண்டிப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் கூட்டோடு போகாதீர்கள். காரங்காட்டு அலையாத்திக் காடும் வனத்துறையுடையது. மற்ற இடங்களிலும் ஊர் மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே போடுங்கள்.

4. விழுந்த பிறகு

நண்டைப் பின்பக்கமாக முதுகு ஓட்டோடு பிடித்துத் தூக்குங்கள், முன்னால் கை நீட்டினால் விரல் போச்சு. வயிற்று மடிப்பில் முட்டை ஒட்டியிருந்தால் அது சினை நண்டு, விட்டுவிடுங்கள். வயிற்று ஓட்டை விரலால் அமுக்கினால் அமுங்குகிறதா? அது தண்ணி நண்டு, சட்டை உரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், குழம்பில் போட்டால் உள்ளே சதையே இருக்காது, அதையும் விடுங்கள்.

நண்டை வெளியே எடுக்கிற கூட்டின் கதவை மட்டும் நைலானில் கட்டாமல் பருத்தி நூலில் கட்டுகிறேன். கயிறு அறுந்து கூடு தொலைந்தால் நைலான் மட்காது, உள்ளே விழுகிறதெல்லாம் செத்து, அதுவே இரையாகி அடுத்த நண்டை இழுக்கும். பருத்தி நூல் உப்புத் தண்ணீரில் இற்றுப்போய்க் கதவு தானே திறந்துகொள்ளும். அதனால் நான்கைந்து தடவைக்கு ஒருமுறை நூலை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் நல்ல நண்டு விழுந்த அன்றைக்கே அது அறுந்துவிடும்.