டீக்கடை தம்மை விடுவது எப்படி?

"நான் என்ன தினமுமா பிடிக்கிறேன்?" என்பவர் முதலில் எப்போதெல்லாம் கை நீள்கிறது என்று ஒரு வாரம் போனில் குறித்து வையுங்கள். பெரும்பாலும் டீயோடுதான் இருக்கும்; ஒரு கையில் கிளாஸ், மறு கையில் நண்பன் பாதி இழுத்துவிட்டு நீட்டும் தம், தலைக்கு மேல் கயிற்றில் ஆடும் லைட்டர். கொஞ்ச நாள் டீயை கேன்டீனுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அந்தக் கைக்கு ஒரு வாழைக்காய் பஜ்ஜியைக் கொடுங்கள். ஓசி தம்மை விட்டாலே பாதிக் கணக்கு தீர்ந்தது. "விட்டுட்டேன்டா" என்று அறிவிக்காதீர்கள், கலாய்ப்பான்கள். "தொண்டை சரியில்லை" போதும். ஆசை வந்தால் 5 நிமிடம் தள்ளிப்போடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். அப்புறம், நாளுக்கு ஒன்றுதானே என்று இதயம் சலுகை தராது. தனியாக முடியவில்லையா, பகலில் 1800-112-356க்கு அழையுங்கள், அரசின் இலவச எண்தான்.