லேவியராகமத்தைக் கைகளால் வாசிப்பது

பைபிளை முழுவதும் வாசிக்க ஜனவரியில் ஆதியாகமத்தில் தொடங்கி, பிப்ரவரியில் பலிச் சட்டங்களோடு ஆரம்பிக்கும் லேவியராகமத்தின் வாசலிலேயே நின்றுபோகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பல வருடம் அங்கேதான் நின்றேன். காளை, இரத்தம், இரண்டு குண்டிக்காய், கல்லீரலின்மேல் இருக்கிற ஜவ்வு என்று கண் வரிகளின்மேல் ஓடும்; மனத்தில் ஒன்றும் தங்காது.

முப்பத்தொரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லித்தருவது ஒன்றுதான்: யார் எங்கே நிற்கிறார்கள், யார் கையில் என்ன இருக்கிறது, அது அடுத்து யார் கைக்குப் போகிறது என்று பார். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அதே கண்ணோடு லேவியராகமம் முதல் அதிகாரத்தைப் பார்த்தேன். கத்தி யார் கையில்? ஆசாரியன் கையில் இருக்கும் என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஐந்தாம் வசனம் அப்படிச் சொல்லவில்லை. மிருகத்தைக் கொண்டுவந்தவனே அதன் தலையில் கைவைக்கிறான், அவனே அறுக்கிறான். இரத்தத்தைக் கிண்ணத்தில் ஏந்துவதிலிருந்துதான் ஆசாரியன் வேலை தொடங்குகிறது. ஆசாரியன் அல்லாதவர் அறுத்தாலும் பலி செல்லும் என்பதே யூத ரபிகளின் சட்டமும். அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் புத்தகம் திறந்தது. கைகளுக்கு எழுதப்பட்டதைக் கைகளோடு வாசிக்க வேண்டும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு பெரிய தாளில் படம் வரையுங்கள். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த கூடாரத்தைச் சுற்றி 100 முழ நீளம், 50 முழ அகலம் கொண்ட பிராகாரம். அளவு யாத்திராகமம் 27-இல் இருக்கிறது. வாசல் கிழக்கே. உள்ளே நுழைந்ததும் பலிபீடம், அதைத் தாண்டிக் கைகால் கழுவும் வெண்கலத் தொட்டி, மேற்கே கூடாரம். கூடாரத்துக்குள் தெற்கே குத்துவிளக்கு, வடக்கே அப்பமேஜை, திரைக்கு முன்னால் தூபபீடம், திரைக்குப் பின்னால் உடன்படிக்கைப் பெட்டி. இப்போது பலிபீடத்தின் வடக்குப் பக்கத்தைச் சிவப்பு மையால் குறித்துக்கொள்ளுங்கள். சர்வாங்க தகனபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி மூன்றும் அங்கேதான் அறுக்கப்படவேண்டும். பலிபீடத்துக்குப் படிக்கட்டு போட்டுவிடாதீர்கள். படிகளால் ஏறக்கூடாது என்று யாத்திராகமம் 20 சொல்கிறது, அதனால் சரிவுப் பாதை. எருசலேம் ஆலயத்தில் அது தெற்கே இருந்தது. 32 முழ நீளம், 16 முழ அகலம் என்று மிஷ்னா அளவு தருகிறது. (மிஷ்னா என்பது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பு. ஆலயம் 70-இல் ரோமர் கையில் அழிந்தது. அதன் நடைமுறைகளை ரபிகள் இதில் பாதுகாத்து வைத்தார்கள்.)

படம் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். அவசரப்பட்டுப் படம் வரையாமல் வாசித்தவர்கள் எல்லோரும் நான்காம் அதிகாரத்தில் தடுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஒரு சொல். நம் பைபிளில் "பலி" என்று வருவதால் எல்லாவற்றையும் உயிர்க்கொலையாகவே எண்ணிக்கொள்கிறோம். எபிரேயத்தில் பொதுச்சொல் கொர்பான். மாற்கு 7-இல் அதே சொல் தமிழிலும் அப்படியே இருக்கிறது. கிட்ட வருவது என்ற வேரிலிருந்து பிறந்த சொல். கிட்டக் கொண்டுவருவது மாடாகவும் இருக்கலாம், மாவாகவும் இருக்கலாம். மாவைப் படைக்கும் போஜனபலியில் ஒரு துளி இரத்தமும் கிடையாது.

இனி ஒரு நோட்டை எடுத்து சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி என்று ஒவ்வொரு பலிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நான்கு கேள்விகள் எழுதுங்கள். யார் கொண்டுவருகிறார்? இரத்தம் எங்கே போகிறது? யார் சாப்பிடுகிறார்? எதுவரை சாப்பிடலாம்? வாசிக்கும்போது முதல் அதிகாரத்திலிருந்து 6:7 வரையுள்ள பகுதியை ஒரு விரலாலும், 6:8-இலிருந்து 7-ஆம் அதிகாரம் முடிய உள்ள பகுதியை இன்னொரு விரலாலும் பிடித்துக்கொள்ளுங்கள். அதே ஐந்து பலிகள் இரண்டு முறை வருவது எழுத்துப்பிழை அல்ல. முதல் தடவை கொண்டுவரும் மக்களிடம் பேசுகிறது. இரண்டாம் தடவை ஆரோனிடமும் அவன் குமாரரிடமும் பேசுகிறது. நோயாளிக்கு ஒரு தாள், வார்டுக்கு ஒரு தாள் என்று நாங்கள் தருவதுபோல.

சர்வாங்க தகனபலி எளிது. தோல் ஆசாரியனுக்கு, மற்றதெல்லாம் நெருப்புக்கு, யாரும் சாப்பிடுவதில்லை. எபிரேயத்தில் அதன் பெயர் ஓலா, மேலே ஏறுவது. ஒரே வரியில் முடித்துவிட்டு பாவநிவாரணபலிக்கு வாருங்கள். நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

நான்காம் அதிகாரம் நான்கு பேரை வரிசையாக நிறுத்துகிறது: அபிஷேகம்பெற்ற ஆசாரியன், சபை முழுவதும், பிரபு, சாதாரண ஜனத்தில் ஒருவன். முதல் இருவருக்கும் காளை. பிரபுவுக்கு வெள்ளாட்டுக்கடா. சாதாரண மனிதனுக்குப் பெண் ஆடு. இப்போது படத்தில் விரல்வைத்து இரத்தத்தைத் தொடருங்கள். ஆசாரியன் பாவம் செய்தாலும் சபை முழுவதும் பாவம் செய்தாலும் இரத்தம் கூடாரத்துக்குள்ளேயே போகிறது: திரைக்கு முன்பாக ஏழுதரம் தெளிப்பு, தூபபீடத்தின் கொம்புகளில் பூச்சு. பிரபுவின் பாவத்துக்கும் சாதாரண மனிதனின் பாவத்துக்கும் அது வெளிப் பலிபீடத்தின் கொம்புகளோடு நின்றுவிடுகிறது. வருடத்தில் ஒரே நாள், பாவநிவிர்த்தி நாளில், திரையையும் தாண்டிப் போகிறது. பொறுப்பு உயர உயர அழுக்கு ஆழமாக இறங்குகிறது. எவ்வளவு ஆழத்துக்கு அழுக்கோ அவ்வளவு ஆழத்துக்குக் கழுவவேண்டும். தழும்பு எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும் சீழ் எங்கே இருக்கிறதோ அதுவரை போய்த்தான் சுத்தம் செய்வோம், அதைப் பழகிய எனக்கு இது சட்டென்று புரிந்தது. இரத்தம் சுத்திகரிப்பது மனிதனை அல்ல, பரிசுத்த இடத்தையே என்று ஜேக்கப் மில்க்ரோம் என்ற யூத அறிஞர் விரிவாக வாதிட்டிருக்கிறார்.

மூன்றாம் கேள்வியின் விடையும் இதிலிருந்தே வருகிறது. இரத்தம் உள்ளே போன பலியின் இறைச்சியை யாரும் தின்னக்கூடாது, பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கவேண்டும். வெளியே நின்ற பலியின் இறைச்சியை ஆசாரியர்கள் பிராகாரத்திலேயே சாப்பிடவேண்டும். ஆக, தன் பாவத்துக்காகக் கொண்டுவந்த பலியில் ஆசாரியனுக்கு ஒரு வாய்கூடக் கிடையாது. தன் தவறினால் தானே ஆதாயமடையக்கூடாது என்பதை நான் இதில் வாசிக்கிறேன்.

இரண்டு விஷயங்களை ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இந்தப் பலி அறியாமல் செய்த பாவத்துக்கு. துணிகரமாய்ச் செய்ததற்கு இது வழியல்ல என்று எண்ணாகமம் 15 சொல்கிறது. இரண்டு, ஐந்தாம் அதிகாரத்தில் சில குற்றங்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஆட்டுக்கு வசதி இல்லையா, இரண்டு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு. அதற்கும் இல்லையா, எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு. எண்ணெய் வேண்டாம், தூபவர்க்கம் வேண்டாம். பீஸ் கட்ட முடியாதவர்களை வாசலில் பார்த்துப் பார்த்துப் பழகியவள் நான். இந்த வசனத்துக்கு வரும்போது ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.

மாவு என்று வந்ததால் ஒரு பயிற்சி. ஒரு கிண்ணத்தில் மாவு எடுத்து எண்ணெய் விட்டுப் பிசிறிக்கொள்ளுங்கள். வலது கையின் நடு மூன்று விரல்களை உள்ளங்கைமேல் மடக்கி, அந்த மடிப்புக்குள் அள்ளுங்கள். மேலும் கீழும் பிதுங்கி நிற்பதைக் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் வழித்துவிடுங்கள். போஜனபலியில் ஆசாரியன் பலிபீடத்துக்கு எடுக்கும் கைப்பிடி இதுதான். கூடினாலும் செல்லாது, குறைந்தாலும் செல்லாது. ஒரு சிறு கல்லோ உப்புக்கட்டியோ விரலிடுக்கில் ஏறிவிட்டாலும் செல்லாது. ஆலயத்தின் கடினமான வேலைகளில் இதுவும் ஒன்று என்று மிஷ்னாவுக்கு ரபிகள் தந்த விரிவுரையான தல்முத் சொல்கிறது. எனக்குப் பதினைந்து முறைக்கு மேல் ஆயிற்று. அதன் பிறகு இரண்டாம் அதிகாரம் என் விரல்களிலேயே தங்கிவிட்டது. மனமுவந்து செலுத்தும் பலிகளில் இதற்கு மட்டும் கொண்டுவருகிறவரைக் குறிக்க எபிரேய மூலம் "ஆத்துமா" என்ற சொல்லைப் போடுகிறது. மாவு கொண்டுவருகிறவன் ஏழை, அவன் தன் ஆத்துமாவையே கொண்டுவந்ததாகத் தேவன் எண்ணுகிறார் என்று ரபிகள் அதற்கு விளக்கம் சொன்னார்கள்.

குற்றநிவாரணபலிக்கு ஒரே குறிப்பு போதும். பிறனுடைய பொருளை அபகரித்தவன் முதலில் அதைத் திருப்பிக்கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டியும் கொடுக்கவேண்டும். அதை விட்டுவிட்டு ஆட்டுக்கடாவை மட்டும் இழுத்துக்கொண்டு வந்து பிரயோஜனமில்லை.

சமாதானபலி மட்டும்தான் கொண்டுவந்தவனும் சாப்பிடும் பலி. கொழுப்பு நெருப்புக்கு, மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் ஆசாரியனுக்கு, மீதி அவன் வீட்டாருக்கு. இங்கே நான்காம் கேள்வியைக் கவனியுங்கள். பொருத்தனைக்கோ உற்சாகத்துக்கோ கொண்டுவந்தது என்றால் மறுநாளும் சாப்பிடலாம். நன்றிக்காகக் கொண்டுவந்தது என்றால் அன்றைக்கே தீரவேண்டும், விடியும்வரை வைக்கக்கூடாது. நன்றிப்பலியோடு வரும் அப்பங்கள் மிஷ்னாவின் கணக்கில் 40: நான்கு வகை, வகைக்குப் பத்து. வகைக்கு ஒன்று ஆசாரியனுக்குப் போனாலும் 36 அப்பம், ஒரு ஆட்டின் இறைச்சி, கையில் ஒரே இரவு. தனியாக எவனால் தின்று தீர்க்க முடியும்? அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டே ஆகவேண்டும். வந்தவர்கள் "எதற்கு நன்றி?" என்று கேட்பார்கள், அவனும் தப்பிப்பிழைத்த கதையைச் சொல்லவேண்டியிருக்கும்.

ஐந்து பக்கமும் நிரம்பியபின், சட்டம் ஒரு நாளாக எப்படி நடந்தது என்று பார்க்க மிஷ்னாவில் "தாமீத்" என்ற பகுதிக்குப் போங்கள். தினமும் காலை ஒரு ஆட்டுக்குட்டி, மாலை ஒரு ஆட்டுக்குட்டி செலுத்தும் பலியைப் பற்றியது. ஆசாரியர்கள் 24 முறைகளாக, அதாவது குழுக்களாகப் பிரிந்து, வாரத்துக்கு ஒரு குழு என்று மாறி மாறி வந்தார்கள். லூக்கா முதல் அதிகாரத்தில் சகரியா அபியா முறைக்காரன் என்று இருக்கிறதே, அது எட்டாவது முறை. விடியுமுன் சீட்டு போடுவார்கள். ஆரம்பத்தில் சீட்டு இல்லை, சரிவுப் பாதையில் ஓட்டப்பந்தயம்தான். ஒருமுறை ஒருவன் மற்றவனைத் தள்ள, அவன் கால் முறிந்தது, அதன் பிறகே சீட்டு வந்தது. சீட்டு விழுந்தவன் கைகால் கழுவிவிட்டு பலிபீடத்துச் சாம்பலை அள்ளத் தனியாகப் போவான். கையில் விளக்கு இல்லை, பலிபீடத்து நெருப்பின் வெளிச்சம் மட்டும். உடன் வந்தவர்களுக்கு அவன் உருவம் தெரியாது. தொட்டிக்கு பென் கத்தீன் என்பவர் செய்துவைத்த மரப்பொறி சுழலும் சத்தம் கேட்டால்தான் "நேரமாயிற்று" என்று அறிவார்கள். இந்தப் பத்தியை ராத்திரியில் வாசியுங்கள்.

மிஷ்னாவிலேயே பஸ்காவைப் பற்றிய பகுதியில் கிண்ணங்களைத் தேடிப் பாருங்கள். ஆசாரியர்கள் வரிசையாக நின்று, இரத்தக் கிண்ணத்தைக் கைமாற்றிக் கைமாற்றி பலிபீடம்வரை கொண்டுபோவார்கள். அந்தக் கிண்ணங்களுக்குத் தட்டையான அடி கிடையாது. கீழே வைத்தால் இரத்தம் உறைந்துவிடும். வைக்கவே முடியாதபடி செய்துவிட்டார்கள். வேலை தெரிந்த ஒருவர் யோசித்த யோசனை அது. யார் என்று பெயர் இல்லை, ஆனாலும் அவருக்கு நான் மனதார வணக்கம் சொல்வேன்.

கடைசியாக லேவியராகமம் 16-ஆம் அதிகாரம், பாவநிவிர்த்தி நாள். அன்றைக்கு ஆரோன் பொன் உடையைக் கழற்றிச் சணல்நூல் உடையில் உள்ளே போகிறான். மிஷ்னாவின் யோமா பகுதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிரதான ஆசாரியன் எண்ணியதுபோல் வாய்விட்டு எண்ணுங்கள்: ஒன்று; ஒன்றும் ஒன்றும்; ஒன்றும் இரண்டும்; ஒன்றும் மூன்றும்; இப்படியே ஒன்றும் ஏழும் வரை. இரத்தத்தை மேல்நோக்கி ஒரு தெளிப்பு, கீழ்நோக்கி ஏழு. தையல் போட்டு மூடுமுன் பஞ்சுகளை நாங்கள் வாய்விட்டு எண்ணுவோம். ஏன் என்று எனக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

இவ்வளவு இரத்தம் எதற்கு என்று மனம் கலங்குகிறவர்கள் இருப்பார்கள். அந்தக் கேள்வி யூத மரபுக்குள்ளேயே இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ், சுற்றியிருந்த ஜாதிகளின் வழக்கத்திலிருந்து மக்களை மெதுவாக விலக்கவே இந்தச் சட்டங்கள் தரப்பட்டன என்றார். அடுத்த நூற்றாண்டில் நஹ்மானிடிஸ் அதைக் கடுமையாக மறுத்தார். இருவரையும் கேளுங்கள், ஆனால் நோட்டு நிரம்பிய பிறகு கேளுங்கள்.

நோட்டைச் சரிபார்க்க வழி இருக்கிறது. மிஷ்னாவில் செவாஹீம் பகுதியின் ஐந்தாம் அதிகாரம் "அவற்றின் இடம் எது?" என்று தொடங்கி, பலி பலியாக அறுக்கும் திசை, இரத்தத்தின் இடம், சாப்பிடுகிறவர், கெடு என்று சொல்லிக்கொண்டே போகிறது. என் நான்கு கேள்விகளையும் அங்கே பார்த்தபோது கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டேன். ஆலயம் இல்லாத இந்த நாட்களிலும் யூதர்கள் காலை ஜெபத்தில் அதை வாசிக்கிறார்கள். என் நோட்டோடு ஒப்பிட்டதில் ஒரு இடம் மாறியிருந்தது. நன்றிப்பலிக்கு நான் "விடியும்வரை" என்று எழுதியிருந்தேன். அங்கே "நடுநிசிவரை" என்று இருந்தது. காரணத்தை மிஷ்னாவின் முதல் பக்கத்திலேயே சொல்கிறார்கள்: சட்டப்படி விடியும்வரைதான் நேரம், மனிதன் தவறிப்போகாதபடி ஞானிகள் கெடுவை முன்னால் தள்ளிவைத்தார்கள். என்னுடையதை நான் அடிக்கவில்லை. பக்கத்திலேயே "நடுநிசி" என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டேன்.