குளிர்காலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போக: குறைந்த செலவில் உடை தேர்ந்தெடுப்பது எப்படி?

குளிர்காலச் சைக்கிள் உடை என்றதும் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது தடிமனான ஜாக்கெட்டைத்தான். பணம் வீணாவதும் அங்கேதான். பத்து நிமிடம் மிதித்ததும் அந்த ஜாக்கெட்டுக்குள் வியர்த்து நனைந்துவிடும். சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் அந்த ஈரமே குளிர்ந்து உடம்பை நடுங்க வைக்கும்.

மிதிக்கும் உடம்பு தானே வெப்பத்தை உண்டாக்குகிறது. தசைகள் செலவிடும் ஆற்றலில் சுமார் கால் பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது, மீதியெல்லாம் வெப்பம். பெடலில் 100 வாட் கொடுக்கிறீர்கள் என்றால் உடம்பில் 300 வாட்டுக்கும் மேல் வெப்பம் உண்டாகும். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இது 100 வாட் அளவில்தான் இருக்கும். அதனால் மார்புக்கும் முதுகுக்கும் கதகதப்பு தேடி அலைய வேண்டியதில்லை. இருக்கும் வெப்பத்தைக் காற்று அடித்துக்கொண்டு போகாமல் தடுத்தால் போதும். அசையாமல் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் விரல்கள், காற்றை நேரே வாங்கும் கால்விரல்கள், காதுகள் ஆகியவற்றின் கதை வேறு. செலவு செய்ய வேண்டிய இடம் அவைதான்.

காற்றின் கணக்கையும் பார்த்துவிடுவோம். வெப்பநிலை 5 டிகிரி (இங்கே எல்லாமே செல்சியஸ்), நீங்கள் போகும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், மூடாத தோலுக்கு அது 1 டிகிரி போல இருக்கும். 0 டிகிரி என்பது மைனஸ் 5 ஆகத் தெரியும். மைனஸ் 10 கிட்டத்தட்ட மைனஸ் 18 ஆகும். எதிர்க்காற்று இருந்தால் இன்னும் மோசம்.

கடைக்குப் போவதற்கு முன்

பயண நேரம் 15 நிமிடத்துக்குள் என்றால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். வழக்கமாகப் போடும் கோட்டும் நல்ல கையுறையும் போதும். மெதுவாக மிதித்தால் வியர்க்கவும் செய்யாது. அரை மணிக்கு மேல் போகிறவர்களுக்குத்தான் அடுக்கடுக்காக உடுத்தும் முறை தேவை: வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளும் உள்சட்டை, காற்றைச் சிறைபிடித்து வைக்கும் நடு அடுக்கு, வெளிக்காற்றைத் தடுக்கும் மேல் அடுக்கு.

எத்தனை அடுக்கு என்பதற்கு ஒரு சோதனை உண்டு. கிளம்பி முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் ஓர் அடுக்கு அதிகம், கழற்றிப் பையில் வையுங்கள்.

உள்சட்டை

இதில் ஒரே விதிதான்: பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையை நன்றாகக் குடிக்கும், ஆனால் விடாது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த பனியன் உடம்போடு ஒட்டியிருக்கும் வரை மேலே எத்தனை போட்டாலும் குளிரும். ஓட்டப் பயிற்சிக்கும் உடற்பயிற்சிக்கும் விற்கும் சாதாரண பாலியஸ்டர் டி-ஷர்ட் போதும். அநேகமாக வீட்டிலேயே ஒன்று இருக்கும். உடம்பை ஒட்டியிருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் வியர்வை துணிக்கு ஏறாது.

பாலியஸ்டரின் குறை நாற்றம். இரண்டே நாளில் வாடை தங்கிவிடும். மெரினோ கம்பளியில் அந்தத் தொல்லை குறைவு, ஈரமானாலும் ஓரளவு கதகதப்பு கொடுக்கும். ஆனால் விலை அதிகம், சீக்கிரம் நைந்து ஓட்டை விழும். தினமும் துவைக்க வசதி இருந்தால் பாலியஸ்டரே லாபம்.

நடு அடுக்கு

பழைய துணிக் கடைகளில் மலிவாகக் கிடைப்பதும் தரத்தில் ஏமாற்றாததும் கம்பளி ஸ்வெட்டர்தான். உள்ளே இருக்கும் லேபிளில் கம்பளி 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அக்ரிலிக் அதிகமாக உள்ளவை பார்க்கக் கம்பளி போலவே இருக்கும், ஆனால் ஈரத்தைக் கையாளாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தேடுங்கள். அக்குள் பகுதி கெட்டியாகிச் சுருங்கியிருந்தால் யாரோ வெந்நீரில் துவைத்துவிட்டார்கள் என்று அர்த்தம், அதை விட்டுவிடுங்கள். மெல்லிய ஃப்ளீஸும் (கம்பளி போல மென்மையான பாலியஸ்டர் துணி) நல்ல தேர்வுதான். இரண்டில் எதுவானாலும் கழுத்தில் அரை ஜிப் வைத்ததாக எடுங்கள். மேட்டில் ஏறும்போது திறந்து, இறக்கத்தில் மூடிக்கொள்ளலாம். வண்டியை நிறுத்தாமலே வெப்பத்தைக் கட்டுப்படுத்த இதைவிட எளிய வழி கிடையாது.

இறகு அடைத்த ஜாக்கெட் வேண்டாம். வியர்வையில் இறகு ஒட்டிச் சுருண்டு, கதகதப்பு தரும் தன்மையை இழந்துவிடும். நின்றுகொண்டிருப்பவர்களுக்கானது அது.

மேல் அடுக்கு

காற்றைத் தடுக்கும் மெல்லிய நைலான் ஜாக்கெட், அதாவது விண்ட்சீட்டர் போன்ற ஒன்று போதும். கடையில் துணியை வாயில் ஒட்டிவைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் காற்று தாராளமாக வந்தால் சாலையிலும் வரும். முன்பக்கம் காற்றை அடைத்து முதுகும் அக்குளும் மூச்சுவிடும்படி தைத்ததே சைக்கிளுக்கு ஏற்றது. சமதளப் பனிச்சறுக்கு ஓடுபவர்களுக்கான ஜாக்கெட்டுகள் இப்படித்தான் இருக்கும். ‘சைக்கிள்’ என்று எழுதாததால் பல நேரம் விலையும் குறைவாக இருக்கும்.

போட்டுப் பார்க்கும்போது நேராக நிற்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் இரு கைகளையும் முன்னால் நீட்டிக் குனியுங்கள். மணிக்கட்டு வெளியே தெரிகிறதா, இடுப்பில் பின்பக்கம் மேலே ஏறுகிறதா, தோளில் இழுக்கிறதா? மூன்றில் ஒன்று நடந்தாலும் அந்த அளவு சரியில்லை. நடப்பதற்காகத் தைத்த ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் முதுகில்தான் ஏமாற்றும்.

மழைக்கு வாங்குபவர்கள் லேபிளில் உள்ள எண்ணைப் பார்ப்பார்கள். 10,000 மி.மீ. என்றால் அந்த உயரத் தண்ணீர் நிரலின் அழுத்தம் வரை துணி கசியாது என்று பொருள். தினசரிப் பயணத்துக்கு அது தாராளம். அதைவிட முக்கியம் காற்றோட்டம். அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான பிளாஸ்டிக் ரெயின்கோட்டில் மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போகாது, கடைசியில் நனைந்தே போய்ச் சேர்வீர்கள். காற்று பலமாக வீசாத ஊர் என்றால் அகலமான கேப் வகை மழையங்கி நன்றாக வேலை செய்யும், கீழிருந்து காற்று வந்துபோகும். பலத்த காற்றில் அதுவே கப்பல் பாய்போல விரிந்து வண்டியை இழுக்கும்.

உடைக் கணக்கில் யாரும் சேர்க்காத ஒன்று மட்கார்டு. நனைந்த சாலையில் முதுகையும் ஷூவையும் நனைப்பது பெரும்பாலும் சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீர். சக்கரத்தை நன்றாகச் சுற்றி வரும் முழுநீள மட்கார்டு இரண்டு போட்டாலே மழைப்பேன்ட்டுக்கான தேவை பாதி குறைந்துவிடும்.

கைகள்

பணத்தை இங்கே போடுங்கள். விரல் மரத்தால் பிரேக் பிடிக்க முடியாது என்பதால் இது வசதிப் பிரச்சினை மட்டுமல்ல.

பின்னல் கையுறைகள் காற்றை அப்படியே உள்ளே விடும், தனியாக அவற்றால் பயனில்லை. வெளிப்புறம் காற்று புகாத துணி, உள்ளே மெல்லிய ஃப்ளீஸ் என்றிருப்பது வேண்டும். மலிவான மாற்று, தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு உபகரணக் கடையில் உள்ள குளிர்காலக் கையுறை. உள்ளங்கை மட்டும் ரப்பர் பூசியதை எடுக்காதீர்கள், காற்று படுவது புறங்கையில். முழுதும் பூசியதாகப் பார்த்து எடுங்கள்.

அளவு இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து, விலை உயர்ந்த கையுறைக்குள்ளும் விரல் மரக்கும். முஷ்டி மடக்கினால் விரல் நுனி துணியில் முட்டக் கூடாது, அரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். அதைப் போட்டுக்கொண்டே உங்கள் சைக்கிளில் இரண்டு விரலால் பிரேக்கைப் பிடியுங்கள், கியர் மாற்றுங்கள், மணி அடியுங்கள், ஜாக்கெட் ஜிப்பை இழுங்கள். நான்கும் முடிந்தால்தான் அது சைக்கிள் கையுறை.

மைனஸ் 5-க்குக் கீழே ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதே பிரச்சினை. இரண்டிரண்டு விரல் சேர்ந்திருக்கும் பிளவுக் கையுறை கூடுதல் சூடாக இருக்கும். அதற்கும் மேலே, ஹேண்டில்பாரிலேயே மாட்டும் உறைகள் இருக்கின்றன. கையை உள்ளே நுழைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், மெல்லிய கையுறையே போதுமானதாகிவிடும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் கடுங்குளிருக்கு இதற்கு ஈடில்லை. வாங்கும்போது கை சட்டென்று வெளியே வருகிறதா என்று மட்டும் சோதியுங்கள்.

திடீர்க் குளிருக்கு ஒரு தற்காலிக வழி: மருத்துவமனையில் பயன்படுத்தும் மெல்லிய நைட்ரைல் கையுறையை அடியில் போட்டு மேலே வழக்கமான கையுறை. வியர்வை ஆவியாகாததால் கை சற்றுப் பிசுபிசுக்கும், ஆனால் சூடாக இருக்கும். அரை மணி, முக்கால் மணிப் பயணத்துக்குச் சரி.

மழையில் ஜாக்கெட் கைப்பகுதி கையுறைக்கு மேலே வர வேண்டும். நீட்டிய கை வழியாகத் தண்ணீர் கீழ்நோக்கி ஓடும், மாற்றிப் போட்டால் கையுறைதான் நிரம்பும். இன்னொன்று: எது போட்டும் விரல் குளிர்கிறது என்றால் கையுறையை மாற்றுவதற்கு முன் மார்புக்கு ஓர் அடுக்கு கூட்டிப் பாருங்கள். நடு உடம்பு குளிர்ந்தால் உடல் முதலில் கைகால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும்.

கால்கள்

ஓட்டத்துக்கான ஷூக்களில் முன்பக்கம் வலைத்துணியாக இருக்கும், காற்று அங்கே நுழைகிறது. தோல் அல்லது அடர்த்தியான துணி ஷூ இருந்தால் அதையே போடுங்கள். இரண்டு ஜோடி சாக்ஸ் போடுவது பலரும் செய்வது. ஷூவில் இடம் இல்லாமல் அப்படிச் செய்தால் கால் இறுகி இன்னும் குளிரும். ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், விரல்களை அசைக்கும் அளவுக்கு இடம், அடியில் வெட்டிவைத்த கம்பளி அட்டை, இதுதான் சரியான சேர்க்கை. உலோகப் பெடல் அடிப்பாதத்தின் சூட்டை இழுக்கும் என்பதால் அந்த அட்டை சாக்ஸ் அளவுக்கு முக்கியம்.

செலவே இல்லாத வழி பிளாஸ்டிக் பை. சாக்ஸுக்கு மேல் மாட்டிக் காலை ஷூவுக்குள் நுழைத்துக்கொள்ளுங்கள், காற்றும் மழையும் நின்றுவிடும். போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கால் ஊறிவிடும்.

பேன்ட் விஷயத்தில் கவலை குறைவு. 5 டிகிரி வரை வழக்கமான பேன்ட் போதும், அதற்குக் கீழே உள்ளே ஒரு மெல்லிய தெர்மல். முழங்கால்தான் காற்றை நேராக வாங்கும் இடம். உறைநிலைக்குக் கீழே மேலே ஒரு மழைப்பேன்ட் போட்டால் அது காற்றையும் தடுக்கும். ஜீன்ஸ் நனைந்தால் மாலை வரை காயாது. செயின் இருக்கும் வலது காலில் பேன்ட்டை ஒரு பட்டையால் கட்டிவிடுங்கள்.

தலை, கழுத்து

ஹெல்மெட்டுக்கு அடியில் தடித்த குல்லா போட்டால் ஹெல்மெட் மேலேறி ஆடும், விழுந்தால் காப்பாற்றாது. காதை மூடும் மெல்லிய தொப்பியோ பட்டையோ போட்டு, ஹெல்மெட்டின் பின்பக்கத் திருகை அதற்கேற்பத் தளர்த்திக்கொள்ளுங்கள். மழைக்கு ஹெல்மெட் மேல் குளியல் தொப்பி மாட்டினாலே போதும். கழுத்துக்கு மஃப்ளர் வேண்டாம், அவிழ்ந்து தொங்கும் முனை சக்கரத்தில் சிக்கும். குழாய் வடிவக் கழுத்துத் துணி பாதுகாப்பானது, பழைய லெகிங்ஸின் காலை வெட்டினாலே கிடைத்துவிடும். கண்ணாடி அணிபவர்கள் நிற்கும்போது அந்தக் கழுத்துத் துணியை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டால் கண்ணாடியில் ஆவி படியாது.

இருட்டில் தெரிவதற்கு

ஒளிரும் மஞ்சள் பகலில் மட்டுமே வேலை செய்யும், அது சூரியனின் புற ஊதாக் கதிரால் ஒளிர்வது. இரவில் கை கொடுப்பது விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் பிரதிபலிப்புப் பட்டை. அதைக் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழும் போகும் வெளிச்சத்தைப் பார்த்தவுடனே வருவது சைக்கிள் என்று ஓட்டுநருக்குப் புரியும். சாலைப் பணியாளர்கள் போடும் மேலங்கி மலிவு, ஆனால் அதன்மேல் முதுகுப்பை மாட்டினால் பின்னாலிருந்து எதுவும் தெரியாது. முதுகுப்பை வியர்வையையும் கூட்டும், முடிந்தால் கேரியரில் மாட்டும் பைக்கு மாறுங்கள்.

எந்தக் குளிருக்கு எது

10 முதல் 15 டிகிரிக்கு உள்சட்டையும் மெல்லிய விண்ட்சீட்டரும் போதும். 5 முதல் 10 வரை கையுறையும் காதுப்பட்டையும் சேரும். 0 முதல் 5 வரை ஸ்வெட்டர், கால் தெர்மல். 0-க்குக் கீழே கழுத்துத் துணி, முழங்காலுக்குக் காற்றுத்தடுப்பு, கனமான கையுறை. மைனஸ் 10-ஐத் தாண்டினால் ஹேண்டில்பார் உறை, மூடிய முகம். விரலோ மூக்கோ வெளுத்து உணர்ச்சியற்றுப் போனால் தேய்க்காதீர்கள், உள்ளே போய் மெதுவாகச் சூடாக்குங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

ஒரு சட்டையும் ஒரு ஜோடி சாக்ஸும் வேலையிடத்திலேயே இருக்கட்டும். கையுறையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தால் மாலையில் ஈரமாகவே போட வேண்டிவரும், வாய்ப்பகுதி கீழே இருக்கும்படி தொங்கவிடுங்கள். துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். உள்சட்டையின் உறிஞ்சும் திறனையும் ஜாக்கெட்டின் நீர்விலக்குத் தன்மையையும் அது கெடுத்துவிடும். ஜாக்கெட்டில் மழைத்துளி உருண்டு ஓடாமல் படிய ஆரம்பித்தால் உடனே புதிது வாங்க வேண்டாம். துவைத்துக் காயவைத்து, லேபிள் அனுமதித்தால் உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் ஓட்டுங்கள். பூச்சு பெரும்பாலும் மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிடும். அப்படியும் படிந்தால் தெளிப்பான் வகை நீர்விலக்கி ஒன்று அடித்துக்கொள்ளலாம். குளிர்கால உடைகள் மலிவாவது பருவம் முடியும்போது என்பதால், அந்தச் சமயத்தில் பார்த்துவையுங்கள்: முதலில் கையுறை, அடுத்து மேல் ஜாக்கெட்.