கேப் டவுன் வர்றதுக்கு முந்தின அஞ்சு நாள்ல பண்ணக்கூடாத தப்புகள்

விக்டோரியா ஃபால்ஸ்ல ட்ரக் ஏறி, போட்ஸ்வானா நமீபியா எல்லாம் சுத்தி கேப் டவுன்ல இறங்குற இருபது நாள் கேம்பிங் டூர்ல முதல் வாரம் யாரும் பெருசா சொதப்ப மாட்டோம், யானை வந்துருமோ கழுதைப்புலி வந்துருமோங்கற பயத்துலயே ஒழுங்கா இருப்போம். சொதப்பல் எல்லாம் நமீபியாவோட தெக்குப் பக்கம் வந்த அப்புறம்தான். பாக்க வேண்டியது எல்லாம் பாத்தாச்சு, இனி ஊருக்குப் போற வேலைதானேன்னு ஒரு மெதப்பு வந்துரும். நான் போனது செப்டம்பர் கடைசில, இங்க சொல்றதுல பாதி நானே பண்ணது.

நமீபியா பாலைவனத்துல இருக்கற செஸ்ரீம் கேம்ப்லருந்து ஆரம்பிக்கிறேன். டூன் 45ங்கற மணல்மேட்டு மேல சூரிய உதயம் பாக்க விடிகாலைல ஏறும்போது மணல் ஜில்லுனு இருக்கும், பாதிப்பேர் செருப்பக் கீழயே கழட்டிப் போட்டுட்டுதான் ஏறுவாங்க, அது ஓகே. அதே தைரியத்துல பத்து மணிக்கு மேல டெட்ஃப்ளேங்கற காஞ்ச களிமண் பள்ளத்துக்கு வெறுங்காலோடயோ ரப்பர் செருப்போடயோ கிளம்பாதீங்க. வண்டி இறக்கிவிட்ட இடத்துலருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல மணல்ல நடக்கணும், போகும்போது வெதுவெதுன்னு இருந்த மணல் திரும்பி வரும்போது தோசைக்கல்லு. நிழல்னு தேடினா அங்க இருக்கறது 600 வருஷத்துக்கு முன்னாடியே செத்துப்போன மரங்கதான், காத்துல ஈரமே இல்லாததால மக்காம கரிக்கட்டை மாதிரி நிக்குது. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணியாவது இல்லாம போகாதீங்க.

அன்னிக்கு ராத்திரி ஷூவுக்குள்ள இருந்த மணலத் தட்டிட்டு டென்ட்டுக்கு வெளியவே வெச்சுத் தூங்கிட்டேன். காலைல பாத்தா ஒத்த ஷூதான் இருக்கு. அந்தப் பக்கம் கேம்ப் சைட்ல நரி இப்படித் தூக்கிட்டுப் போறது சகஜமாம், சமையல்காரர் ரொம்ப சாதாரணமா சொன்னார். ரெண்டையும் எடுத்துட்டுப் போயிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். ஷூ டென்ட்டுக்குள்ளதான் இருக்கணும், கடைசி ராத்திரி வரைக்கும், காலைல போடறதுக்கு முன்னாடி உதறிட்டுத்தான் போடணும், தேள் இருக்குற ஊரு.

அடுத்து ஃபிஷ் ரிவர் கேன்யன். வ்யூபாயின்ட்ல நின்னு பாக்குறப்ப கொஞ்ச தூரம் கீழ இறங்கினா போட்டோ சூப்பரா வருமேன்னு தோணும். 500 மீட்டருக்கு மேல ஆழம், டே விசிட்ல வர்றவங்க இறங்கவே கூடாது. முறையா பெர்மிட், மெடிக்கல் சர்டிஃபிகேட்டோட அடிவாரத்துல நடக்கறவங்களுக்கே மே மாசத்துலருந்து செப்டம்பர் நடுவரைக்கும்தான் அனுமதி.

இதையெல்லாம் விடப் பெரிய தப்பு மலேரியா மாத்திரை விஷயம். ஆரஞ்ச் ரிவர் வந்த உடனே, இங்க மலேரியா இல்லியாமேன்னு எங்க ட்ரக்ல பாதிப்பேர் மாத்திரைய நிறுத்திட்டோம். மலேரியா இல்லாத ஊருக்கு வந்தாச்சு சரி, ஆனா முன்னாடி போட்ஸ்வானால சோபேலயோ ஒகவாங்கோலயோ கடிச்ச கொசுவோட கிருமி இன்னும் ஈரல்ல ஒளிஞ்சிருக்கலாம், டாக்ஸிசைக்ளின் மாத்திரை அத ஈரல்ல ஒண்ணும் பண்ணாது, ரத்தத்துக்கு வந்த அப்புறம்தான் அடிக்கும், அதனாலதான் மலேரியா ஏரியா விட்டு வந்து நாலு வாரம் முழுசா சாப்பிடச் சொல்றாங்க. அடோவாகோன் ப்ரோகுவானில் மாத்திரைன்னா ஏழு நாள் போதும். ஊருக்கு வந்து சில வாரம், ஏன் சில மாசம் கழிச்சு காய்ச்சல் வந்தாலும் ஆப்பிரிக்கா போயிட்டு வந்தேன்னு டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா சொல்லுங்க, சொல்லலேன்னா நம்ம ஊர்ல டெங்குவா வைரலான்னுதான் முதல்ல பாப்பாங்க. இன்னொண்ணு, டாக்ஸிசைக்ளின் சாப்பிடறவங்க தோலு வெயில்ல சீக்கிரம் வெந்துரும். ஆரஞ்ச் ரிவர்ல அரை நாள் கனோ ஓட்டறப்ப தண்ணி ஜில்லுனு இருக்கறதால ஒண்ணும் தெரியாது, எனக்கு சாயங்காலம் தொடை ரெண்டும் தக்காளி மாதிரி ஆயிருச்சு. முழுப் பேன்ட்டும் முழுக்கை சட்டையும் போட்டுக்கோங்க.

அந்த ஆறுதான் நமீபியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பார்டர். டூர் ஜோகன்னஸ்பர்க்ல ஆரம்பிச்சு போட்ஸ்வானா, நமீபியா சுத்தி கேப் டவுன்ல முடியுதுன்னா தென்னாப்பிரிக்காவுக்குள்ள ரெண்டாவது தடவ நுழையறீங்க, சிங்கிள் என்ட்ரி விசா முதல் தடவயே தீந்துபோச்சு, பார்டர்ல விசாவும் தர மாட்டாங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே மல்டிபிள் என்ட்ரியான்னு பாத்துக்கோங்க, பாஸ்போர்ட்ல ரெண்டு பக்கமாவது காலியா இருக்கான்னும்.

காசு விஷயம் இன்னும் வேடிக்கை. நமீபியா டாலரும் தென்னாப்பிரிக்கா ராண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு, நமீபியால எந்தக் கடையிலயும் ராண்ட வாங்கிப்பாங்க. அந்த நெனப்புலயே நான் டிப்ஸுக்குன்னு ஒதுக்கினதெல்லாம் நமீபியா நோட்டா வெச்சிருந்தேன். பாலம் தாண்டி தென்னாப்பிரிக்கால ஸ்பிரிங்பாக் ஊர்ல ஒரு கடையில நீட்டினா அந்தம்மா தொடவே இல்ல, தலைய மட்டும் ஆட்டுச்சு. நல்லவேளை, எங்க க்ரூ அடுத்த வாரமே திரும்ப வடக்க போறவங்க, அந்த நோட்டையே சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க. அப்படி ஆள் இல்லேன்னா பார்டருக்கு முன்னாடி கடைசி பெட்ரோல் பங்க்லயே செலவு பண்ணிடுங்க.

அதே வழில பாறை இடுக்குல சின்னச்சின்னதா கூழாங்கல்லு மாதிரி செடிங்க இருக்கும். அழகா இருக்கேன்னு ஒண்ணு பிடுங்கி பையில போட்டுறாதீங்க, நமாக்வாலாந்துங்கற இந்தப் பகுதில இதத் திருடி விக்கற கும்பலால சில வகைங்க அழியற நிலைல இருக்கு, மாட்டினா கேஸுதான்.

ரெண்டு வாரம் வறண்ட ஊர்லயே இருந்துட்டு ரெயின் ஜாக்கெட்ட யாருக்காவது குடுத்துட்டு வர்றவங்களயும் பாத்தேன். நமீபியால கோடைலதான் மழை, கேப் பக்கம் உல்ட்டா, ஜூன் ஜூலை ஆகஸ்ட் குளிர்லதான் கொட்டும். செடர்பெர்க் பக்கம் கடைசி கேம்ப்ல எங்களுக்கு செப்டம்பர் கடைசிலயே ராத்திரி பூரா தூறல், டென்ட்ட ஈரத்தோடயே சுருட்டினோம்.

கேப் டவுன்ல இறங்குற அன்னிக்கே சாயங்கால ஃப்ளைட் போடாதீங்க, கேப் டவுனுக்கு வர்ற என்7 ஹைவேல ஒரு டயர் போனா போச்சு. டேபிள் மவுன்டன் கேபிள் கார் காத்தடிச்சா நிறுத்திருவாங்க, ராபன் ஐலன்ட் படகும் கடல் சரியில்லேன்னா கேன்சல், ரெண்டையும் ஒரே கடைசி நாள்ல வெச்சுட்டு ரெண்டும் போன ஜோடி எங்க ட்ரக்லயே இருந்தாங்க. குறைஞ்சது ரெண்டு நாள் தங்குங்க, ட்ரக்க விட்டு இறங்கினதும் மலை உச்சி மேகமில்லாம தெரிஞ்சா பைய ரூம்ல போட்டுட்டு நேரா அங்க போயிடுங்க, குளியல் அப்புறம் பாத்துக்கலாம்.