உச்சியைப் பார்த்து ஊரைப் பிடிக்காதீர்கள்: ஐரோப்பாவில் முதல் ஸ்கீ (பனிச்சறுக்கு) பயணம்

நவம்பர் பிறந்தால் எனக்கு ஒரே மாதிரி போன் வரும். மியூனிக்கில் இருப்பதால் ஆல்ப்ஸ் என் வீட்டுக் கொல்லைப்புறம் என்று நண்பர்களுக்கு நினைப்பு. போன வாரம் லண்டனிலிருந்து ஒருவன். "மச்சான், கிறிஸ்துமஸ் லீவுக்கு ஸ்கீயிங் புக் பண்ணிட்டேன். ஆஸ்திரியா. மூவாயிரம் மீட்டர் வரைக்கும் லிஃப்ட் போகுதாம்!"

"ஊர் எவ்வளவு உயரம்டா?"

"அதான் சொன்னேனே, மூவாயிரம்."

பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். கையுறை, சன்ஸ்கிரீன், விசா பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஊரைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் கோளாறுகளை மட்டும் சொல்கிறேன்.

உச்சியின் உயரத்தில் மயங்குவது

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது, ஆட்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் கடைசி லிஃப்ட் போய் நிற்கும் இடத்தின் உயரம். முதல்முறை போகிறவர் அங்கே போட்டோ எடுக்கத்தான் போவார். விழுந்து எழுந்து பழகப்போவது நர்சரி ஸ்லோப் என்கிற சின்ன மேட்டில். பல இடங்களில் அது ஊரை ஒட்டியே இருக்கும். ஊர் 800 மீட்டர் என்றால் மேடும் 800 மீட்டர்தான்.

எனக்கு இது புரிந்தது ஒரு டிசம்பர் கடைசி வாரத்தில். ஊர்ப் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. மனைவி, ஆறு வயது மகள், ஆறு நாள் லிஃப்ட் பாஸ், ஆறு நாள் வகுப்பு என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் கட்டியாயிற்று. போய் இறங்கினால் மழை. ஐப்பசி அடைமழை மாதிரி, விடாமல். மேட்டில் பச்சைப் புல். அதன் நடுவே மெஷினால் அடித்த பனி, கோரைப்பாய் விரித்தாற்போல ஒரு பட்டை. இரண்டு பக்கமும் சேறு. மகள் ஸ்கீயை மாட்டிக்கொண்டு முதல் தடவை சறுக்கியவள் நேராகச் சேற்றில் போய்ச் செருகி நின்றாள். திரும்பி, "அப்பா, ஸ்னோ எங்கப்பா?" என்றாள். அந்தக் கேள்விக்குக் கொடுத்த விலையை யூரோவில் சொன்னால் என் மனைவிக்கு இன்றும் கோபம் வரும்.

மறுநாள் வகுப்பை மலையில் பாதி உயரத்துக்கு மாற்றினார்கள். காலையில் கொண்டோலா என்கிற கேபிள் காரில் ஏறினோம். சாயங்காலம்தான் வினை. ஊர் வரை இறங்கும் சறுக்குப் பாதையை மூடிவிட்டதால், மலையில் இருந்த மொத்தக் கூட்டமும் மூன்றரை மணிக்கு அதே கொண்டோலாவுக்கு வந்து நின்றது. தோளில் தூங்கும் பிள்ளை, இன்னொரு கையில் இரண்டு ஜோடி ஸ்கீ. மீதி நாளெல்லாம் இதே கதை.

இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். 800 மீட்டரில் 5 டிகிரியில் மழை பெய்தால், பூஜ்ஜியம் வருவது ஏறக்குறைய 1,600 மீட்டரில். "பனி அடிக்கிற மெஷின் இருக்கே" என்பார்கள். ஈரக் காற்றில், பூஜ்ஜியத்துக்கு இரண்டு மூன்று டிகிரியாவது கீழே போகாமல் அது உருப்படியாக வேலை செய்யாது. மழை பெய்கிற இரவில் அதுவும் நம்மைப் போலச் சும்மா நிற்கும்.

ஆகவே முதலில் தேதி, பிறகு ஊர். கிறிஸ்துமஸுக்கோ மார்ச் கடைசியிலோ போகிறீர்களா? ஊரே உயரத்தில் இருக்க வேண்டும்: பிரான்ஸில் வால் தொரான்ஸ் 2,300 மீட்டர், ஆஸ்திரியாவில் ஓபர்குர்கிள் 1,900-க்கு மேல். கிட்ஸ்பூயல் பெரும்புகழ் பெற்ற ஊர்தான், ஆனால் இருப்பது சுமார் 760 மீட்டரில். ஜனவரி நடுவில் போவதாக இருந்தால் உயரத்துக்கு அலைய வேண்டாம். வால் தொரான்ஸைச் சுற்றி மரமே கிடையாது. பனி கொட்டும் நாளில் தரை எது, வானம் எது என்று தெரியாது, முதல் நாள்காரருக்குத் தலை சுற்றும். மரங்களுக்கு நடுவே 1,300, 1,500 மீட்டரில் உள்ள ஊர் அப்போது எவ்வளவோ மேல்.

புக் செய்யும் முன் இரண்டு எண்களைக் கேளுங்கள்: ஊர் எத்தனை மீட்டர், நர்சரி ஸ்லோப் எத்தனை மீட்டர். இரண்டாவதைச் சொல்ல மழுப்பினால் அதுவே பதில்.

பெயருக்காகப் போவது

பிரான்ஸின் ஷமோனி. 1924-இல் முதல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர், தலைக்கு மேலே மோன் பிளாங்க் சிகரம். ஆனால் சறுக்கும் இடங்கள் பள்ளத்தாக்கு நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பஸ். வல்லவர்களுக்குச் சொர்க்கம். குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்கள் ஒரு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம்.

600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை

பிரான்ஸில் மூன்று பள்ளத்தாக்குகளை இணைக்கும் த்ருவா வாலேயில் உண்டு. முதல் வாரம் உங்களுக்குத் தேவை முந்நூறு மீட்டர்.

நீலம் என்றால் சுலபம் என்று நம்புவது

சறுக்குப் பாதைகள் எவ்வளவு கடினம் என்பதை நிறத்தால் குறிப்பார்கள். பிரான்ஸில் மிகச் சுலபமானது பச்சை, அடுத்ததுதான் நீலம். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் பொதுவாக நீலத்திலிருந்தே ஆரம்பம். அதனால் ஒரு நாட்டு நீலத்தை இன்னொரு நாட்டு நீலத்தோடு ஒப்பிடாதீர்கள்.

"லிஃப்டுக்கு ஐந்து நிமிட நடை"

ஷூவில். ஸ்கீ பூட்ஸில், மேடேறி, பிள்ளையின் ஸ்கீயையும் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள்.

பிரெஞ்சுப் பள்ளி விடுமுறை

பிப்ரவரியில் தொடங்கும் இந்த விடுமுறையை நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து, வெவ்வேறு வாரங்களில் விடுகிறார்கள். அறைகள் பெரும்பாலும் சனிக்கிழமையில் கைமாறுவதால், அந்தச் சனிக்கிழமைகளில் அடிவாரத்து ஊரான மூட்டியேவிலிருந்து மலைக்கு ஏறும் சாலை பொங்கலுக்கு முந்தின நாள் தாம்பரம்தான். ரயிலில் போக வழியிருக்கிற ஊரைப் பாருங்கள். ஆஸ்திரியாவின் சாங்க்ட் அன்டோனில் ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

லண்டன் நண்பனின் ஊரைத் தேடிப் பார்த்தேன். 750 மீட்டர். அந்த மூவாயிரம் இருப்பது பக்கத்து ஊர்ப் பனியாற்றில், பஸ் பிடித்துப் போக வேண்டும். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"லிஃப்ட் பாஸ் வாங்கிட்டியா?"

"இல்ல."

"வாங்காதே. அங்க போய், பனி எங்க இருக்குன்னு பார்த்துட்டு நாளுக்கு நாள் வாங்கிக்கோ. ஸ்கீ ஸ்கூலுக்கு இன்னிக்கே மெயில் போட்டு, கீழ பனி இல்லாட்டி கிளாஸை எங்க நடத்துவாங்கன்னு கேளு."

மெயில் போட்டானாம். பதில் இன்னும் வரவில்லை.